ஏணியிலிருந்து இறங்க மறுத்தவர்

வேங்கிக்காலிலிருந்து இரவு வானம் பார்க்கக் கிளம்பிய வேனில் என் பக்கத்தில் அமர்ந்து வந்த அந்த அம்மாவுக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். வலது கால் சூம்பியிருந்தது, ஊன்றுகோல் வைத்திருந்தார். உதவ யாராவது கை நீட்டினால், அந்தக் கையில் தன் பையைக் கொடுத்துவிட்டுத் தானே ஏறுவார், தானே இறங்குவார்.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய ஒரு நிலத்தில் பெரிய தொலைநோக்கியை நிறுத்தியிருந்தார்கள். சனிக்கோளைப் பார்க்கச் சின்ன ஏணியில் ஏற வேண்டும். எங்களை அழைத்துவந்தவர், "உங்களுக்குக் கஷ்டம்மா. செல்லுல படம் எடுத்துக் காட்டறேன்," என்றார்.

"படத்த வூட்லயே பார்த்திருப்பேனே. இத்தப் பிடிங்க."

ஊன்றுகோலை அவரிடம் கொடுத்துவிட்டு, ஏணியைப் பற்றி மெல்ல ஏறினார். கண்ணை வைத்தபோது சனி நகர்ந்து போயிருந்தது.

"பூமி சுத்துதுல்லம்மா, அதான். எறங்குங்க, திரும்ப வெச்சுத் தரேன்."

"பூமி சுத்தினா நான் எதுக்குங்க எறங்கணும்? எப்படித் தள்ளணும்னு சொல்லுங்க."

வரிசையில் ஒருவர், "ஜாஸ்தி நேரம் ஆவுதுங்க," என்றார். அந்த அம்மா திரும்பவே இல்லை. கீழிருந்தவர் சொல்லச் சொல்ல, குழாயைத் தொட்டுத் தொட்டுத் தள்ளினார்.

"ஆப்டுச்சு! வளையம் தெரியுது."

அது நழுவ நழுவத் தள்ளிக்கொண்டே, ஆசை தீரப் பார்த்தார். பிறகு இறங்கி, ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"இன்னொரு வாட்டியா?" என்று கேட்டேன்.

"ஒரு வாட்டிதான் பார்க்கணும்னு யாருங்க சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நானும் அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.