எட்டு நாளைக்கு மேல் தங்காதவள்

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆஃப்கே முதலில் பார்ப்பது குழந்தையை அல்ல, கட்டிலை. பக்கத்தில் போய் நின்று தன் இடுப்போடு உயரம் பார்ப்பாள். தாழ்வாக இருந்தால் போச்சு. பெற்றவளை மெல்ல எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கட்டில் கால்களுக்குக் கட்டை வைக்கச் சொல்லிக் குழந்தையின் அப்பனை விரட்டுவாள். "பெத்தது அவங்க. முதுகு போறது எனக்கா?" என்பாள். எங்கள் சின்ன மகள் பிறந்த அன்று கட்டை தூக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவளிடம் மறுபேச்சு செல்லாது.

பிள்ளை பிறந்த வீடுகளில் எட்டு நாள் பகலில் வந்து பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. தையல் ஆறுகிறதா என்று பார்ப்பாள், பால் கொடுக்கப் பழக்குவாள், குழந்தையைக் குளிப்பாட்டுவாள், நடுவே துணி துவைத்து மூத்ததைப் பள்ளிக்கும் அனுப்புவாள். பார்க்க வருகிறவர்களுக்குச் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க்கும் காபியும் கொடுப்பாள். கொடுத்த கையோடு, "குடிச்சாச்சா? தின்னாச்சா? உங்க கோட்டு அங்க மாட்டியிருக்கு" என்பாள். என் சொந்த அண்ணனே அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு போனவன்தான்.

எட்டாம் நாள் சாயங்காலம் கிளம்பிவிடுவாள். என் மனைவி யூடித் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஆஃப்கே அவள் முதுகில் தட்டிவிட்டு, மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. மெப்பல் ஊரில் பாதிக் குழந்தைகளை அவள் குளிப்பாட்டியிருக்கிறாள். கடைத்தெருவில் எதிரே வந்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். எங்களுக்கு நேர் மேல் மாடியில் குடியிருப்பதால் எங்களிடம் மட்டும் தப்ப முடியவில்லை. ஏன் இப்படி என்று வாயைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். "வேலை முடிஞ்சுது, வந்துட்டேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை தேறாது.

அவளோடு இருப்பவன் வீபே. ரயில் தண்டவாளம் பழுதுபார்க்கும் வேலை, நிரந்தர வேலை. ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான், பேச்சு அளந்துதான் வரும். நகர மன்றத்துக்குப் போய்க் கல்யாணத்தைப் பதிந்துவிடலாம் என்று அவன் கேட்பதும், அடுத்த வருஷம் கேள் என்று அவள் சொல்வதும் இந்தக் கட்டிடம் முழுக்கத் தெரிந்த கதை. அவனுக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

இந்த வசந்தத்தில் இருவரும் வாய்க்கால் ஓரத்தில் ஒரு வீட்டுக்கு விலை கேட்டார்கள். சின்னத் தோட்டம், பின்பக்கம் ஒரு பேரி மரம். கேட்டவர்கள் பலர், கிடைத்தது இவர்களுக்கு. ஆஃப்கே படியில் பாடிக்கொண்டு ஏறியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பிறகு கடன் ஆலோசகர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். வீபேயின் சம்பளம் மட்டும் பத்தாது. ஆஃப்கே இருப்பதோ வருஷக் காண்டிராக்டில். அவளை நிரந்தரமாக்குவோம் என்று வேலை கொடுப்பவர் எழுதிக்கொடுத்தால்தான் அவள் சம்பளமும் கணக்கில் சேரும். வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கடிதம் என்ன ஆயிற்று என்று வீபே கேட்கும்போதெல்லாம், பார்க்கலாம் என்று ஆஃப்கே நழுவினாள். அவனுக்கு எரிச்சல் ஏறியது, அவள் மேல் அல்ல, அவளை வீடுகளுக்கு அனுப்பும் நிறுவனத்தின் மேல். அதை நடத்துவது என் மனைவியின் அத்தை டீனெகே. அதே வாரத்தில் என் பிறந்தநாள் வந்து தொலைத்தது.

எங்கள் ஊரில் பிறந்தநாள் என்றால் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார வேண்டும். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்திவிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்தால், கிளம்பும்வரை அதே இடம்தான். வீபேக்கு வாய்த்தது அத்தைக்கு நேர் எதிர் நாற்காலி, பக்கத்தில் ஆஃப்கே.

கேக் பாதி போயிருக்கும். வீபே கோப்பையைக் கீழே வைத்தான்.

"மூணு வருஷமா இவ மழையில சைக்கிள் மிதிக்கிறா. ஒரு கடிதம் எழுதிக் குடுக்க உங்களுக்கு என்ன கேடு?"

அத்தை உதட்டிலிருந்த கிரீமைத் துடைத்துக்கொண்டார். "நானா தம்பி குடுக்கல? ரெண்டு தடவ நிரந்தரம்னு காகிதத்த நீட்டினேன். இவதான் இன்னொரு வருஷம் மட்டும் போதும்னா. இனிமே சட்டத்துல அதுக்கும் எடம் இல்ல. ஒண்ணு நிரந்தரம், இல்ல வெளிய."

வீபே ஆஃப்கேயின் பக்கம் திரும்பினான். வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் தட்டைப் பார்த்தோம்.

"அந்த வீடு உனக்கு வேணாமா?" என்றான்.

"வேணும்." அவள் குரல் இறங்கியிருந்தது. "எட்டு நாள் எல்லாருக்கும் என்னைப் பிடிக்குது, வீபே. ஒன்பதாம் நாளும் நின்னா, இவ ஏன் இன்னும் போகலன்னு தோணிடும். வருஷம் முடியும்போது இவங்க 'இரும்மா'ன்னு திரும்பக் கேக்குறாங்க பாரு, அது காதுல விழுந்தா அந்த வருஷம் பூரா எனக்கு நிம்மதி. நிரந்தரம்னு ஆயிட்டா அப்புறம் யாரு கேப்பா?"

ஊரையே மிரட்டி வேலை வாங்குகிறவளுக்குள் இப்படி ஒரு பயமா?

வீபே நிதானமாகக் கேட்டான். "என்கூட ஏழு வருஷமா இருக்க. எனக்குப் பிடிக்காமப் போச்சா?"

"நீதான் வருஷா வருஷம் கேக்குறியே."

அவன் தலையாட்டினான். "சரி. கட்டிக்கிட்ட அப்புறமும் கேக்குறேன். அந்த வீட்டுல இருந்து கேக்குறேன்."

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் பேரம் படிந்தால் ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் ஓங்கித் தட்டுவார்கள். தட்டிய பிறகு பேச்சு மாறக் கூடாது. ஆஃப்கே நாற்காலியை விட்டு எழுந்தாள். வட்டத்தின் நடுவே நடந்து போய் அத்தையின் முன்னால் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அத்தை அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஓங்கித் தட்டினார்.

ஆஃப்கே கையை இறக்கவில்லை. அப்படியே வீபேயின் பக்கம் திரும்பி நீட்டினாள்.