மூன்று சுற்று நூறு மீட்டர்

லூர்துமேரிக்கு நான்கு வரை எண்ணத் தெரியும் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவளுக்கு மட்டும் இருந்தது. அரையாண்டு விடுமுறை விட்ட நாளிலிருந்து தினமும் காலை ஆறரை மணிக்குப் பெரியதம்பியின் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரில் தெரியும் தலைகளை எண்ணினாள். அஸ்வினி, சித்ரா, தமிழ்மணி, கலைப்பிரியா. எண்ணி முடித்ததும், எண்ணியது சரிதானா என்று மறுபடி எண்ணினாள். கிறிஸ்துமஸ் பூசையில் பீடத்தின்மேல் ஆறு மெழுகுவத்திகள் எரிந்தன. நான்கு வரை எண்ணி நிம்மதியடைந்தவள், மீதி இரண்டு யாருடையவை என்று கவலைப்பட ஆரம்பித்தாள்.

திண்டிவனத்தை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவள் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியை. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை; மீதி அரை நாட்களிலும் பள்ளியில்தான் இருப்பாள். கல்லூரியில் கபடி ஆடியவள். தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. நீச்சலை முழுக்கக் கைபேசியில் பார்த்துப் படித்தவள் என்பதால், யாருடைய முழங்கை எங்கே தவறாக மடங்குகிறது என்று கரையிலிருந்தே சொல்லிவிடுவாள். கரையிலிருந்து மட்டும்தான் சொல்ல முடியும். அதனால்தான், கிணற்றின் சொந்தக்காரர் படிக்கட்டில் டயர் டியூபும் நைலான் கயிறுமாக உட்கார்ந்திருந்தால் ஒழியப் பிள்ளைகள் இறங்கக் கூடாது என்று அவளே ஒரு சட்டம் போட்டிருந்தாள்.

பள்ளிக்கு நீச்சல் குளம் கிடையாது. நீச்சல் அணி உண்டு. நான்கு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் போகும் தொடர் நீச்சலுக்கு நான்கே பேர், ஐந்தாவதாக ஆள் இல்லை. போட்டி ஜனவரி நான்காம் தேதி, விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளிக் குளத்தில். போன வருடமும் அங்கேதான் நடந்தது. கடைசியாக நீந்திய கலைப்பிரியா பாதி வழியில் பாதை பிரிக்கும் கயிற்றுக்கு அடியில் புகுந்து அடுத்த பள்ளிக்காரியின் பாதையில் போய் எழுந்தாள். அணியையே தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். பயத்தில் நடந்தது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். கலைப்பிரியாவுக்குப் 'பக்கத்து வீட்டுக்காரி' என்ற பெயர் வந்தது. தலைமையாசிரியை லூர்துமேரியைக் கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி நம்ம பொண்ணு அடுத்த லேனுக்குப் போனா டீமே வேணாம் மேரி. கோ-கோ டீம் போதும்" என்றார்.

அதே தலைமையாசிரியையிடம்தான் விடுமுறைப் பயிற்சிக்கு அனுமதி கேட்க வேண்டியிருந்தது. விடுமுறையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது.

"ஸ்கூலுக்கு வரக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. கிணத்தப் பத்தி ஒண்ணும் போடல" என்று அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "எனக்கு எதுவும் தெரியாது. ஆனா நல்லா பண்ணுங்க."

மார்கழியில் பயிற்சி என்றால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். ஆனால் சித்திரையில் அந்தக் கிணற்றில் தவளைகூட நடந்துதான் போக வேண்டும். மழை முடிந்து கிணறு தளும்பும் இந்த நாட்கள்தான் அவர்களுக்கு நீச்சல் காலம். தண்ணீரும் விடியற்காலையில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மேலே ஏறினால்தான் பல் கிட்டும். ஆகவே ஏறவே விரும்பாத நான்கு பேரை ஏறச் சொல்லிக் கத்துவதும் அவள் வேலையாயிற்று.

கிணறு வட்டமானது. குறுக்கே நாற்பது அடி. பத்துக் கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். ஆகவே சுவரோரமாகச் சுற்றச் சொன்னாள். டேப் வைத்து அளந்து, மூன்று சுற்று நூறு மீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். இரண்டு வருடமாக அந்தக் கணக்கில் ஒரு குறையும் அவளுக்குத் தெரியவில்லை.

தெரிந்தது டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி. அவள் தம்பி பிரான்சிஸ் புதுச்சேரிக்கு அருகே குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் தோட்ட வேலை பார்க்கிறான். அங்கே இருபத்தைந்து மீட்டர் குளம் ஒன்று உண்டு. "தங்கறவங்க எட்டு மணிக்கு முன்ன எழுந்துக்க மாட்டாங்கக்கா. ஏழுக்கு வந்து ஜல்தியா முடிச்சிக்கினு போயிடணும்" என்று சொல்லியிருந்தான். முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனார்கள். நேரான தண்ணீரைப் பிள்ளைகள் போன வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தார்கள். நால்வரையும் வரிசையாக நிறுத்தி விசில் ஊதினாள்.

பாதி தூரம் போவதற்குள் நால்வரும் வலப்பக்கச் சுவரில் பல்லிகளைப் போல ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வந்த அஸ்வினி தமிழ்மணியின் முதுகில் முட்டி நின்றாள்.

"இன்னாக்கா எல்லாம் ஒரே பக்கமா ஒதுங்குதுங்க?" என்றான் பிரான்சிஸ். "அங்க யாராவது பிரியாணி குடுக்கறாங்களா?"

திரும்பவும் விசில். திரும்பவும் அதே சுவர். கலைப்பிரியா மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டு, ஒரு வருடமாகச் சேர்த்துவைத்திருந்ததைச் சொன்னாள்: "பாத்தீங்களா டீச்சர்? நான் மட்டும் இல்ல. எல்லாருமே பக்கத்து வீட்டுக்காரிங்கதான்."

திரும்பி வரும் பஸ்ஸில் லூர்துமேரி கண்ணை மூடிக் கிணற்றை நினைத்துப் பார்த்தாள். "ஒரே பக்கமா சுத்துங்க, முட்டிக்காதீங்க" என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கோயிலைச் சுற்றிப் பழகிய நான்கு பேரும் தாமாகவே வலமாகச் சுற்றினார்கள். இரண்டு வருடமாகச் சுவர் எப்போதும் இடப்பக்கம். வெளிப்பக்கம் இருந்த இடக்கை நீளமாக இழுத்து இழுத்துப் பலப்பட, வலக்கை சும்மா கூட வந்துகொண்டிருந்தது. நேரான தண்ணீரில் விட்டாலும் அவர்கள் இல்லாத கிணற்றைச் சுற்றப் பார்த்தார்கள். அவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி கொடுத்திருந்தாள். போட்டிக்கு ஏழு நாள் இருந்தது.

மறுநாள் காலை, "இன்னைலேர்ந்து மாத்திச் சுத்துங்க" என்றாள்.

இரண்டு சுற்றுகூட முடியவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெரியதம்பி வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்தார்.

"டீச்சரம்மா, இது இன்னா புதுசா?"

"ரெண்டு கையும் சமமாவணும்ங்க. அதான் மாத்தி..."

"இடமா சுத்திக்கினு இருக்குதுங்களே."

"ஆமாங்க."

"இடமா எப்ப சுத்துவாங்கன்னு தெரியுமா?"

தண்ணீரிலிருந்து தமிழ்மணி உற்சாகமாக, "கொள்ளிக்குடம் ஒடைக்கறப்ப மாமா" என்றாள். அஸ்வினி அவள் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினாள். லூர்துமேரி மூன்று என்று எண்ணிப் பதறி, தலை வெளியே வந்ததும் நான்கு என்று திருத்திக்கொண்டாள்.

"நான் கோவப்படல" என்றார் பெரியதம்பி. அவர் கோபப்பட்டிருந்தால் சமாதானமாவது சொல்லியிருக்கலாம். "அடுத்த வாரம் கொல்லையில மல்லாட்டை வெதைக்கப் போறேன். கெணறுன்னா எங்களுக்கு கங்கையம்மா. அதுல நாலு பொண்ணுங்க சாவுக்குச் சுத்தற மாதிரி சுத்தினா, என் ஊட்டுக்காரி நாளைக்கே முள்ளு வெட்டி மேல போட்டுடுவா. வலமா சுத்தட்டும், நான் பொங்கல் வரைக்கும்கூட இங்கியே குந்திக்கினு இருக்கறேன். இடமான்னா வேற கெணறு பாத்துக்குங்க."

வேறு கிணறு இருந்தது. படிக்கட்டு இடிந்த கிணறு, உட்கார ஆளில்லாத கிணறு. தவிர, மாதா கோயிலுக்குப் போகிறவள் அம்மனைப் பற்றி அவரிடம் வாதாட முடியாது. வாதாட அவளுக்கு விருப்பமும் இல்லை. அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்பதுதான் பெரிய பேஜாராக இருந்தது.

"சரிங்க, வலமாவே சுத்தட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் வந்தது. ஒவ்வொரு சுற்றும் பிள்ளைகளை இன்னும் கொஞ்சம் கோணலாக்குகிறது. நிறுத்தினால் மூச்சுப் பழக்கம் போய்விடும். ஒழுங்காக வரும் பிள்ளைகளைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒரே ஆசிரியை அந்த ஜில்லாவில் அவளாகத்தான் இருந்திருப்பாள். வீட்டில் ரசத்துக்கு இருமுறை புளி கரைத்தாள்.

முப்பதாம் தேதி அமாவாசை. எண்ணினாள், மூன்று. மறுபடி எண்ணினாள், மூன்றேதான். சித்ரா குடும்பத்தோடு மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்பதும், முந்தின நாள் மாலை அவர்களைத் தானே பஸ் ஏற்றிவிட்டதும் அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தன.

தண்ணீரில் கலைப்பிரியா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். எப்படி நீந்தினாலும் கோணல்தான் என்று ஆகிவிட்ட பிறகு அவளுக்கு ஏன் நீந்த வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு, சோம்பலாகக் கையைத் துழாவியபடி சுற்றினாள்.

"ஏய், படுத்துத் தூங்கறதுக்கா வந்த?" என்று அதட்டியவள் பாதியில் நிறுத்தினாள். கலைப்பிரியாவின் கை சுவரில் உரசிக்கொண்டு போயிற்று.

"கலை, அது எந்தக் கை?"

"எது?"

"சுவத்துல ஒரசுற கை."

கலைப்பிரியா கையைத் தூக்கிப் பார்த்தாள். "சோத்துக் கை, டீச்சர்."

லூர்துமேரி மேட்டின்மேலேயே தரையில் மல்லாந்து படுத்தாள். பெரியதம்பி பதறிப்போய் எழுந்தார். அவள் படுத்தபடியே வலக்கையையும் இடக்கையையும் மாற்றி மாற்றி நீட்டிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. குப்புற நீந்தினால் சுவர்ப்பக்கம் இடக்கை, மல்லாந்தால் வலக்கை. சுற்றுவது வலமாகவே இருக்கலாம், உழைப்பது மட்டும் கை மாறிவிடும்.

எழுந்து முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "அண்ணே, மல்லாந்துக்கினு சுத்தினா பரவாயில்லைங்களா?" என்று கேட்டாள்.

பெரியதம்பி வேப்பங்குச்சியை மென்றுகொண்டே யோசித்தார். அவருடைய யோசனையில் ஓர் அணியின் தலையெழுத்து தொங்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

"வலமாத்தான போவுதுங்க?"

"வலமாத்தாங்க."

"அப்புறம் இன்னா. குப்புறப் போனா இன்னா, மல்லாந்து போனா இன்னா. அங்கப்பிரதட்சணத்துல உருளறவன் ரெண்டுமாத்தான உருளறான்."

அன்றிலிருந்து மூன்றாம் தேதி வரை, மறுநாள் திரும்பிவந்த சித்ராவையும் சேர்த்து, நால்வரும் மல்லாந்தே சுற்றினார்கள். மேகம், மின்கம்பி, காக்கை எல்லாம் மனப்பாடம் ஆயிற்று என்று அஸ்வினி சொன்னாள். நேராகிவிட்டார்களா என்று சோதிக்க வழியில்லை. விடுதிக் குளத்தில் புத்தாண்டுக் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஐந்து நாளில் கை சமமாகுமா என்று கைபேசியில் தேடினாள். ஆகும் என்று ஒருவரும் ஆகாது என்று ஒருவரும் சொல்ல, இரண்டாமவரை முழுக்க நம்பினாள்.

விழுப்புரத்தில் ஆறு பள்ளிகள். அஸ்வினியும் சித்ராவும் ஓரளவு நேராகவே வந்தார்கள். தமிழ்மணி வலக்கயிற்றைத் தொட்டுத் தொட்டு மீண்டாள். கடைசியாகக் கலைப்பிரியா குதித்தாள். தலைமையாசிரியை முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லூர்துமேரி தண்ணீரைப் பார்க்கவில்லை, கயிற்றை மட்டும் பார்த்தாள்.

முதல் இருபத்தைந்து மீட்டரில் கயிறு அசையவில்லை. இரண்டாவதில் அசைந்தது, வலக்கயிறு அல்ல, இடக்கயிறு. மருந்து கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கலைப்பிரியாவின் தோள் கயிற்றில் இடித்து, தேய்த்து, விலகியது. மூன்றாவதில் மறுபடி இடித்தது. நான்காவதில் கயிற்று மிதவைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. நடுவர் ஒருவர் குனிந்து பார்த்தார். லூர்துமேரி எண்ணுவதற்குத் தலைகள் போதாமல் மிதவைகளை எண்ணினாள். பதினொன்றாவது மிதவையில் கலைப்பிரியா சுவரைத் தொட்டாள், தன் பாதையில்.

நடுவர் நிமிர்ந்து தாளில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த பாதைக்குப் போனார். தகுதி நீக்கம் இல்லை. ஆறில் நான்காவது.

"நாலாவதா?" என்றார் தலைமையாசிரியை.

"லேன் மாறல மேடம்."

"அது பாத்தேன்." அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அடுத்த வருசம் மூணாவது வரணும்."

அடுத்த வருடம் என்ற சொல்லை லூர்துமேரி இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நால்வரும் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கலைப்பிரியாவின் இடத்தோள் கயிறு உரசிச் சிவந்திருந்தது.

"டீச்சர், இந்தப் பக்கத்து வீட்டுக்கும் போகல, அந்தப் பக்கத்து வீட்டுக்கும் போகல" என்றாள் அவள். "வாசப்படியில இடிச்சதோட சரி."

லூர்துமேரி சிரித்தாள். நான்கு தலைகள். மறுபடி எண்ணினாள், நான்கு. அப்போதுதான் நினைவுக்கு வந்தது: பொங்கலுக்கு முன்னால் பெரியதம்பி மல்லாட்டைக்குத் தண்ணீர் இறைக்க மோட்டார் போடுவார். கிணறு எத்தனை படி இறங்கும், பிள்ளைகள் நீந்தத் தண்ணீர் மிஞ்சுமா என்று அவரிடம் கேட்டு வைக்கவில்லையே.