கேமராவுக்குப் போட்ட உறை

கணவர் போன பிறகு விவேக் நகர் வீட்டில் நான் தனியாக இருக்கிறேன் என்று, மகன் ஹாலில் ஒரு கேமராவை மாட்டிவிட்டுப் புனேவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அது பார்க்கும், கேட்கும், அவன் குரலில் பேசவும் செய்யும். என் மாமியார்கூட இத்தனை கண்காணித்ததில்லை. பிள்ளையின் அன்பாயிற்றே என்று அதன் முன்னாலேயே காய் நறுக்கினேன், ஜெபமாலை சொன்னேன், தூங்கி வழிந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் தங்கை ஆட்டோவில் வந்து இறங்கினாள். கன்னம் வீங்கியிருந்தது. புருஷன் அடிப்பது புதிதில்லை, பையோடு கிளம்பி வந்ததுதான் புதிது. காலையில் ஓசூர் போய்விடுவாளாம், அங்கே ஒரு கன்னியர் விடுதியில் இடம் சொல்லி வைத்திருந்தாள்.

"அக்கா, நான் இங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியக்கூடாது. உன் பையனுக்குக்கூட. அவன் வாய் நிக்காது," என்றாள்.

என் வீட்டில் உறை இல்லாத பொருள் கிடையாது. டிவி, மிக்சி, சிலிண்டர் எல்லாவற்றுக்கும் நானே தைத்துப் போட்டிருக்கிறேன். அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, மிக்சி உறையைக் கழற்றிக் கேமராவின் தலையில் மாட்டினேன். அதற்குப் பிறகுதான் உள்ளே கூப்பிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன், பாழாய்ப்போன சாமர்த்தியம்.

கண்ணை மறைத்தால் அது மகனின் போனுக்குச் செய்தி அனுப்பும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவன் பதறிப்போய்க் கேமராவில் கூப்பிட்டது உறைக்குள்ளேயே அமுங்கிவிட்டது, பிறகு போனிலும் கூப்பிட்டிருக்கிறான். என் போன் படுக்கையறையில் சார்ஜில் கிடந்தது. நாங்கள் சமையலறையில் கன்னத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தோம். அம்மா விழுந்துவிட்டாள் என்று நினைத்து, இந்த ஊரில் இருக்கிற ஒரே சொந்தத்தைக் கூப்பிட்டிருக்கிறான். ஜீவனஹள்ளிச் சித்தப்பாவை. என் தங்கை புருஷனை.

மணி அடித்தது. திறந்தால் அவன்.

"என்னக்கா, நல்லாதானே இருக்கீங்க? பையன் போன்ல அழுவுறான்," என்றான். நிஜமாகவே மூச்சு வாங்கியது அவனுக்கு. பிறகு தங்கையின் செருப்பைப் பார்த்தான். நேராகப் போய்க் கேமராவின் உறையை எடுத்தான்.

புருஷன் குரல் கேட்டதுமே தங்கை பையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாள்.

"அட, சித்தியும் இருக்காங்களா! அப்பாடா," என்றது கேமரா. "சித்தப்பா, ரொம்ப தேங்க்ஸ்."

"இதுல என்னடா இருக்கு, நம்ம வீடுதானே."

நான் வாயைத் திறக்கப் போனேன். தங்கை வேண்டாமென்று கண்ணைக் காட்டினாள். பிறகு, வீங்காத கன்னத்தைக் கேமராவின் பக்கம் திருப்பி, என் மகனுக்குக் கையசைத்துவிட்டு, புருஷனோடு படியிறங்கிப் போனாள்.