டேலி அக்காவின் ஒற்றை க்ளிக்

அவருக்கு டேலி அக்கா என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் பெயர் ஊறிப்போயிருந்தது. அக்காவைவிட நாலைந்து வயது மூத்த முதலாளியும் வாய் கூசாமல் அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டு எண்கள் டேலி ஆகவில்லை, அதாவது ஒத்துப்போகவில்லை என்றால் அக்காவுக்குச் சோறு இறங்காது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையையே முறைத்துக்கொண்டிருப்பார்.

சின்னக் கடைகள், கிளினிக்குகள், டியூஷன் சென்டர்கள் இவற்றின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பிழைப்பு. செல்போன் கடைக்கு மேலே மூன்று அறை. ஒழுகும் ஏசிக்குக் கீழே ஒரு பக்கெட், அது நிறைந்தால் யார் எழுந்து போய்க் கொட்டுவது என்பதில் தினமும் ஒரு சண்டை. நான் விளம்பரப் படம் போடுகிறவள். அக்கா மாதாமாதம் அறிக்கை எழுதுகிறவர்: எந்தத் தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள் என்று. அடுத்தடுத்த நாற்காலி என்பதால் அவருடைய பெருமூச்சுகளுக்கு நான்தான் முதல் சாட்சி.

அக்காவுக்கு வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாண்டரிக் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு சமையல் மூலை. ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். உட்காரச் சொன்னார். இருந்த ஒற்றை நாற்காலியில் துணி மடித்து அடுக்கியிருந்தது. அதைக் கட்டிலுக்கு மாற்றினார், பிறகு கட்டிலில் உட்கார இடமில்லை என்று நின்றுகொண்டே பேசினார். வந்து போகிற ஆள் இருக்கும் வீடு அப்படி இருக்காது. மறுபடி போக வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கு வந்துவிடுவார். "வீட்ல நெட் சரியா இல்லடி" என்பார். முழுப் பொய். வீட்டில் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் அக்காவின் போன் அடிக்கும். அதுவும் அவருக்காக அல்ல. அவருடைய அப்பா ஃபேன், அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அப்பா போன பிறகு கடையை மூடியாகிவிட்டது, ஆனால் கடை நம்பரை அக்கா விடவில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர் பழைய ஸ்டிக்கரைப் பார்த்து அழைப்பார்கள். அது சாப்பாட்டு வேளையிலேயே வந்து தொலையும். கை எச்சிலாக இருப்பதால் ஸ்பீக்கரில் போடுவார்.

"கடை மூடியாச்சுங்க" என்று ஆரம்பிப்பார். அதோடு வைத்துவிட வேண்டியதுதானே? வைக்கமாட்டார். "ஃபேன் சுத்தவே இல்லையா, இல்ல மெதுவா சுத்துதா? மெதுவான்னா கண்டென்சர் போயிருக்கும். புதுசு மாத்திப் பாருங்க" என்று கால் மணி நேரம் ஓட்டுவார். முன்பின் தெரியாதவரிடம் ஃபேனைப் பற்றிப் பேசும்போதுதான் அக்காவின் குரலில் தெம்பு வரும். நான் சாப்பிட்டுக்கொண்டே கிண்டல் செய்வேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடை போனாலும் கடையின் இணையதளம் போகவில்லை. ஒரே ஒரு பக்கம். கடைப் பெயர், ஷட்டர் திறந்திருக்கும் ஒரு போட்டோ, அந்த போன் நம்பர், கீழே வருஷம். ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் அக்கா அந்த வருஷத்தை மட்டும் மாற்றுவார். வருகிறவர்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று குக்கீ அனுமதி கேட்கும் பெட்டிகூட இந்தப் பக்கத்துக்கு உண்டு. "ஈ காக்கா வராத பக்கத்துக்கு எதுக்குக்கா பெட்டி?" என்று கேட்டேன். "முறைன்னா முறைதான்" என்றார்.

ஈ காக்கா வராமலும் இல்லை. அதைத்தான் ஒரு நாள் மத்தியானம் அவர் திரையில் பார்த்தேன். எங்கள் தொழிலில் இரண்டு கருவிகள். தேடுபொறியில் தேடி, வந்த முடிவை எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள் என்று சொல்வது கன்சோல். தளத்துக்குள் எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்வது அனலிட்டிக்ஸ். அப்பா கடைப் பக்கத்துக்குக் கன்சோலில் வாரத்துக்கு ஒரு க்ளிக், சில வாரம் இரண்டு. அனலிட்டிக்ஸில் பெரிய பூஜ்யம்.

"இது டேலி ஆகலையேக்கா, உங்களுக்கு எப்படித் தூக்கம் வருது?" என்றேன்.

"இது ஒண்ணுதான் டேலி ஆகக் கூடாது" என்றார். முகத்தில் நான் பார்த்திராத ஒரு வெட்கம். "என் தம்பிடி அது."

அப்போதுதான் தம்பி கதை வெளியே வந்தது. அம்மா சின்ன வயதிலேயே போய்விட, தம்பியை வளர்த்தது அக்காதான். அப்பா இறந்ததும் தம்பி கடையை எடுத்து நடத்த ஆசைப்பட்டிருக்கிறான். அக்கா அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஷட்டரை இழுத்து, சாவியைக் கட்டிடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார். ஓடாத கடையில் அவன் வாழ்க்கை வீணாகிவிடக் கூடாது என்று நினைத்தாராம். அவன் வேறு ஊருக்குப் போனான், நம்பரை மாற்றினான், எட்டு வருஷமாகப் பேச்சில்லை. ரோஷத்தில் அக்காவுக்குத் தம்பி கொஞ்சமும் சளைத்தவன் இல்லை.

"தம்பின்னு எப்படிக்கா சொல்றீங்க?"

"குக்கீ பெட்டியில வேண்டாம்னு அமுக்கினா அனலிட்டிக்ஸ்ல விழாது. யார் எதைக் கேட்டாலும் வேண்டாம்னு அமுக்குடான்னு அவனுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். டீ வேணுமான்னு கேட்டாக்கூட அவன் வேண்டாம்பான்."

"என்ன வார்த்தை போட்டுத் தேடினான்னு கன்சோல் காட்டுமே?"

"ஒருத்தர் ரெண்டு பேர் மட்டும் தேடுற வார்த்தையை அது வெளிய சொல்லாது. அவங்க அந்தரங்கமாம்." பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: "அப்பா கடைப் பேரை இந்த உலகத்துல வேற யாரு தேடப் போறா?"

அதற்குமேல் நான் கிண்டல் செய்யவில்லை. வாரத்துக்கு ஒரு க்ளிக்கை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எட்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறார் என்றால் அதில் வாய் வைக்க நான் யார்?

வாய் வைத்தது பல் டாக்டரம்மா. எங்கள் வாடிக்கையாளர்களிலேயே கறாரானவர். அறிக்கையைச் சுருட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"கன்சோல்ல தொள்ளாயிரம்னு போட்டிருக்கு. அனலிட்டிக்ஸ்ல தேடி வந்தவங்க அறுநூறுன்னு போட்டிருக்கு. நடுவுல முன்னூறு பேரை யாரு முழுங்கினது?"

முதலாளி இளித்தார். ரெண்டையும் ஒன்றாக்கித் தரச் சொல்கிறேன் என்று வாய் தவறி வேறு உளறினார். அக்காதான் பொறுமையாகச் சொன்னார். "டாக்டரம்மா, ஒண்ணு உங்க கிளினிக் கதவைத் தட்டினவங்களை எண்ணுது. இன்னொண்ணு உள்ள வந்து பேர் எழுதினவங்களை எண்ணுது. தட்டிட்டு, திறக்கறதுக்குள்ள திரும்பிப் போனவங்க உண்டு. ஒரே ஆள் ரெண்டு தடவை தட்டினா அங்க ரெண்டு, இங்க ஒண்ணு. உள்ள வந்து பேர் கொடுக்க மாட்டேன்னவங்களும் உண்டு, அவங்க இங்க விழ மாட்டாங்க."

"அப்ப தட்டவே தட்டாம நேரா உள்ள வந்து, பேரும் கொடுக்காம போறவங்க?"

"அட்ரஸைத் தானே அடிச்சு வந்து, குக்கீயும் வேண்டாம்னுட்டா ரெண்டுலயும் வர மாட்டாங்க. அவங்களுக்கு நம்மகிட்ட கணக்கே இல்ல."

டாக்டரம்மா கொஞ்சம் இறங்கி வந்தார், ஆனால் முழுதாக இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "எல்லாம் சரி, அந்தத் தொள்ளாயிரத்துல உங்க ஆளுங்களே க்ளிக் பண்ணினது எத்தனை?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டரம்மா போன பிறகு அக்கா தன் செல்போனை மேஜை மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் இதுதான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, தூக்கம் வராதபோது, அக்காவின் விரல் தானாக அப்பா கடைப் பெயரைத் தேடும். வாரத்தில் ஒன்றிரண்டு தடவை, பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க க்ளிக்கும் செய்யும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் அந்த அரிப்பு உண்டு. தன் வருகை கணக்கில் விழாதபடி அனலிட்டிக்ஸில் தன் போனை அவர் என்றைக்கோ விலக்கி வைத்துவிட்டார். வைத்துவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருந்துவிட்டார். ஆனால் அந்த விலக்கு அனலிட்டிக்ஸுக்கு மட்டும்தான். கன்சோலுக்கு அக்காவும் ஒன்றுதான், ஊரில் இருக்கும் மற்றவர்களும் ஒன்றுதான். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனுஷி சொந்தப் பக்கத்தில் கோட்டை விட்டிருந்தார்.

"தேடாம இருந்து பாருங்கக்கா. அப்பவும் க்ளிக் விழுந்தா அது தம்பிதான்" என்றேன். இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன்.

"விழலன்னா?"

நான் என் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அக்கா தேடவில்லை. கன்சோல் எண்ணைக் காட்ட இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும், அதனால் காத்திருப்பு இன்னும் இழுத்தது. பஸ் ஸ்டாப்பில் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு நிற்பார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பை வாரைத் திருகுவார். இத்தனை நாளும் அந்த ஒரு தேடல்தான் அவருக்குப் பேச்சுத்துணையாக இருந்திருக்கிறது.

முதல் வாரம் பூஜ்யம். "ஊருக்கு எங்கயாவது போயிருப்பான்" என்றார். அடுத்த வாரமும் பூஜ்யம். "உடம்பு சரியில்லையோ என்னவோ." ஒரு மாதம் முழுக்கக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது. கன்சோலும் பூஜ்யம், அனலிட்டிக்ஸும் பூஜ்யம்.

"டேலி ஆயிடுச்சுடி" என்றார் அக்கா. அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. "எட்டு வருஷமா என்னை நானே போய்ப் பார்த்துட்டு வந்திருக்கேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பல் டாக்டர் மேலா, தம்பி மேலா, தேடாதீர்கள் என்று யோசனை சொன்ன என் மேலா, தெரியவில்லை. போய்ப் பக்கெட்டைக் கொட்டிவிட்டு வந்தேன்.

வருஷக் கட்டணம் கட்டிப் பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அந்த வாரம் நினைவூட்டல் வந்திருந்தது. அக்கா புதுப்பிக்கவில்லை. அது தானாகப் போகட்டும் என்று விடவுமில்லை. திங்கட்கிழமை மத்தியானம் என் கண்ணெதிரே பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். ஷட்டர் திறந்திருந்த போட்டோ போய், 'பக்கம் இல்லை' என்று வெள்ளைத் திரை வந்தது.

"ரெண்டாவது தடவையா கடையை மூடறேன்" என்றார். அழவில்லை. மிச்ச நாள் முழுக்க வேலை பார்த்தார். எல்லா எண்ணும் சரியாக இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் போன் அடித்தது. புது நம்பர். அக்கா வழக்கம்போலக் கை எச்சிலோடு புறங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"கடை மூடியாச்சுங்க."

அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல். "பார்த்தேன்க்கா. அதான் கூப்பிட்டேன்."

அக்காவின் கை டப்பாவிலேயே நின்றுவிட்டது. நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"காலையில பக்கம் திறக்கல" என்றது குரல். "நெட்டுதான் சரியில்லன்னு நினைச்சேன். மறுபடி போட்டேன், மறுபடி போட்டேன். வேலையே ஓடல. உனக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு..."

எட்டு வருஷம் கழித்து வந்த தம்பியிடம் முதல் கேள்வியாக எதைக் கேட்டார் தெரியுமா? "கன்சோல்ல ஒரு க்ளிக்கூட விழலையேடா" என்றார்.

"என்ன க்ளிக்கு?"

"தேடி வந்தா விழணுமேடா."

"நான் எதுக்குத் தேடணும்? அட்ரஸ் எனக்குத் தெரியாதா? தினம் காலையில நேரா வருவேன். அந்தப் பெட்டி வரும், வேண்டாம்னு அமுக்குவேன், பார்த்துட்டுப் போவேன்." குரல் கொஞ்சம் தடுமாறியது. "வருஷம் பொறந்தா கீழ வருஷத்தை மாத்துவ இல்ல, அதைப் பார்த்தா போதும். நீ இருக்கேன்னு தெரிஞ்சிடும். இன்னிக்கு ஒண்ணுமே இல்லையேக்கா."

அக்கா எச்சில் கையாலேயே போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்தார். போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டார்.

"இருக்கேன்டா" என்றார்.