உத்திரம் எட்டாத சுவர்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் நாங்கள் குடியிருந்த பழைய மாடிக் கட்டடத்தை யார் கட்டினார்கள் என்பதில் குடித்தனக்காரர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. வெள்ளைக்காரப் பட்டாளம் நடனமாடக் கட்டியது என்பார் அப்பா. துணி வியாபாரியின் கிடங்கு என்பார் எதிர்ப் போர்ஷன்காரர். எதுவானால் என்ன, அந்த ஒரே பெரிய கூடத்தில் குறுக்குச் சுவர்கள் எழுப்பி நாலு குடும்பங்களை வாடகைக்கு வைத்திருந்தார் வீட்டுக்காரர். செங்கல்லில் சிக்கனம் பிடித்தாரோ என்னவோ, சுவர்கள் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிட்டன. அதற்கு மேலிருந்த தேக்கு உத்திரங்களும் வளைவு ஜன்னல்களும் எல்லோருக்கும் பொது.

பாயில் மல்லாந்து படுத்தால் சொர்க்கம்தான். சாயங்கால வெயில் வண்ணக் கண்ணாடி வழியே எங்கள் வீட்டில் சிவப்பாக இறங்கி, சுவர் ஏறி, பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். நாலு வீட்டுத் தாளிப்பும் மேலே கலந்து ஒரே வாசனையாக வரும். யார் வீட்டில் இருக்கிறேன் என்பதே மறந்து அரைத் தூக்கத்தில் மிதப்பேன்.

சத்தமும் அப்படித்தான் வரும். ஆனால் சுவரைத் தாண்டி வருவது யார் காதிலும் விழாது என்பது அங்கே எழுதாத சட்டம். பக்கத்துப் போர்ஷன் ஃபிட்டர் மாமா ஒருநாள், "கம்பெனிய மூடிட்டாங்க. யாராண்டயும் சொல்லாத, மானம் பூடும்" என்று கிசுகிசுத்ததும், அவர் மனைவி விம்மியதும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டன. மறுநாளும் மாமா டிபன் கேரியரோடு படியிறங்கினார். "இன்னாண்ணே, இன்னிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டா?" என்று அம்மா வழக்கம்போல் விசாரித்தாள்.

அன்றிலிருந்து அம்மாவுக்குச் சமையலில் அளவு தவறிப்போனது. "கொயம்பு ஜாஸ்தியா பூட்ச்சிம்மா, வெச்சா கெட்டுடும்" என்று தினமும் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகும். ஜாஸ்தியான குழம்பு என் தட்டில் மட்டும் ஏன் குறைகிறது என்று எனக்கு அழுகையாக வந்தது.

ஒரு சாயங்காலம், அதிர்ந்து பேசாத அப்பா வீட்டு நடுவில் நின்று உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"எங்க கம்பெனில ஃபிட்டருக்கு ஆள் தேடிகினு கீறாங்க! ஒருத்தரும் கெடைக்கலியாம்!"

கையெட்டும் தூரத்தில் இருந்த அம்மாவும் கூரையைப் பார்த்தே கத்தினாள். "எத்தினி மணிக்குப் போவணுமாம்?"

"காலீல ஏயு மணிக்கு கேட்டாண்ட நின்னா போதும்!"

"இத காத்தாலயே சொன்னியேப்பா" என்று நான் ஆரம்பித்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். பக்கத்து வீட்டில் பம்ப் ஸ்டவ் சத்தம் நின்றுபோயிருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஜன்னலில் நின்று பார்த்தேன். அப்பா கம்பெனிக்குப் போகும் அம்பத்தூர் பஸ்ஸுக்கு மாமா காத்திருந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. நாலடி தள்ளி அப்பா. தினமும் மணிக்கணக்கில் அரட்டை அடிப்பவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா முகத்தைத் திருப்பி ஒரு புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்ததும் மாமா முன்வாசலில் ஏறினார். அப்பா வேண்டுமென்றே நடந்து போய்ப் பின்வாசலில் ஏறினார்.

இரண்டு பேருக்கும் ஏதோ பெரிய சண்டை என்று நினைத்து, அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.