நாற்பத்தொரு வருடக் குளிர்

ஜூலை 9, காலை 8.20. வெயில், தென்மேற்குக் காற்று. பேத்தியின் கல்யாணப் பட்டு வாங்கக் காஞ்சிபுரம் வந்தவன், மீன் சந்தையில் நின்று, மத்தி போன்ற கவலை மீன்களை எண்ணுகிறேன். கூறுக்குப் பதினாறு.

"எண்ணிக்கினே இருக்கியே பெரியவரே, வாங்குவியா மாட்டியா?" என்கிறாள் சதுரங்கப்பட்டினத்து மீன்காரி. "நாலு நாளா தெக்கத்திக் காத்து. மேல் தண்ணிய அப்பால தள்ளிடுச்சி. அடித்தண்ணி மேல வந்து கடலே ஐஸாட்டம் இருக்குது. அதான் இவ்ளோ மீனு."

கல்யாணமான புதிதில், அதே சதுரங்கப்பட்டினக் கடற்கரையில், இதே மாதம், செருப்பைக் கையில் பிடித்தபடி கடலில் இறங்கிய என் மனைவி, "குளிருது!" என்று கத்தினாள். வெயிலில் கடல் குளிராது, காய்ச்சல்தான் என்று மருத்துவரிடம் இழுத்துப் போனேன். நாற்பத்தொரு வருடமாகச் சொல்லிக் காட்டுகிறாள்.

கைபேசியில் அழைக்கிறேன். "நீ சொன்னது சரிதான்."

சிரிக்கிறாள். "அப்போ அபராதமா எனக்கும் ஒரு பட்டு எடுங்க."

அந்தப் பட்டு, வருடத்துக்கு நானூறு வீதம், பதினாறாயிரத்து நானூறு ரூபாய்.