என் மகளின் தலைவலியும் நான் கேட்ட துஆவும்

என் மகளை நான் அடித்திருக்கிறேன். வலியில் துடித்துக்கொண்டிருந்த பிள்ளையை, பொய் சொல்கிறாள் என்று நினைத்து அடித்தேன். அதை மறைத்துவிட்டு அல்லாஹ் எங்களுக்குச் செய்த உதவியை மட்டும் சொன்னால் அது பாதிக் கதைதான். அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

பூந்தமல்லியில் டிரங்கு ரோட்டை ஒட்டின சந்து ஒன்றில் எங்கள் வீடு. எனக்குத் தகர வேலை. டிரங்குப் பெட்டி செய்து விற்பேன். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் ஒரே அறை, நடுவில் கோணிப் படுதா. அந்த அறையில் நான், என் மனைவி மைமூன், எங்கள் ஒரே பிள்ளை ஜெய்த்தூன், மூன்று பேரும் இருந்தோம். மைமூனுக்கு அதற்கு முன்னால் இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை.

1966-ல் ஜெய்த்தூனுக்கு எட்டு வயது. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து பாதி நாளில் திரும்பி வந்தாள். தலை வலிக்கிறது என்றாள். வெயில்தான் என்று மைமூன் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். பிள்ளை வாந்தி எடுத்தாள். சாயங்காலம் வரை குப்புறப் படுத்துக் கிடந்தாள். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து ஓடினாள். நாங்களும் மறந்துவிட்டோம்.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தது. அப்புறம் ஒரு வாரத்தில். பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை கூட வந்தது. வலது பக்கம் கண்ணுக்கு மேலே ஆரம்பிக்கும். முகம் வெளுத்துப் போகும். கை சில்லிட்டுப் போகும். வெளிச்சம் ஆகாது. சத்தம் ஆகாது. படுதாவுக்கு இந்தப் பக்கம் நான் நாள் முழுக்கத் தகரத்தை அடித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவள் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு கிடப்பாள். அடிக்காமல் நான் எப்படி இருப்பேன்? அதுதானே எங்களுக்குச் சோறு.

கைவைத்தியம் பார்த்தோம். சுக்கு அரைத்துப் போட்டோம். கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார்கள், கண் டாக்டரிடம் போனோம். கண்ணில் ஒன்றும் இல்லை என்றார். நூம்பல் பக்கத்திலிருந்து ஓதிப் பார்க்கிற ஒருவரைச் சொந்தக்காரர்கள் கூட்டி வந்தார்கள். பிள்ளையைக் காற்று பிடித்திருக்கிறது என்று சொல்லி, அவள் முகத்துக்கு நேராகப் புகை போட்டார். புகையில் அவள் மூச்சு முட்டி, வாந்தி எடுத்து, மயங்கி விழுந்தாள். "பாத்தீங்களா, போகமாட்டேங்குது" என்றார் அவர். அன்றைக்கு மைமூன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். "பாய், உங்க பொண்ணு கணக்குப் பாடம் வந்தாலே தலைவலின்னு படுத்துக்கிறா. நீங்க செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்றார் டீச்சர். எனக்கு அவமானமாக இருந்தது. நாலு பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வீட்டுக்குக் கூட்டி வந்ததும் கை ஓங்கிவிட்டேன். கன்னத்தில் இரண்டு அடி.

பிள்ளை அழவில்லை. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "அடிங்க அத்தா. சத்தம் மட்டும் போடாதீங்க" என்றாள்.

அழுதால் வலி கூடும் என்பதால் அழாமல் இருக்கப் பழகிக்கொண்டாள் என்று மைமூன் பிறகு சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளை. அதற்கப்புறம் நான் அவளை அடிக்கவில்லை. ஆனால் நம்பினேனா என்றால், முழுசாக நம்பவும் இல்லை. பாதி நாள் பாவமாக இருக்கும். பாதி நாள் எரிச்சலாக இருக்கும். தொழுகையில் கை ஏந்தும்போது, 'யா அல்லாஹ், இந்தத் தலைவலியை எடுத்துவிடு' என்றுதான் கேட்பேன். பிள்ளைக்காகக் கேட்டேனா, என் நிம்மதிக்காகக் கேட்டேனா என்று இன்றைக்கு யோசித்தால் எனக்கே தெரியவில்லை.

மூன்று வருஷம் கேட்டேன். வலி போகவில்லை. பிள்ளை இளைத்துப்போனாள். விளையாடக் கூப்பிட்ட பிள்ளைகள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தலையில் கட்டி இருக்கும், இப்படித்தான் ஒருத்தி செத்தாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது என் காதிலும் விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று மைமூன் சொல்லும்போதெல்லாம் நான் தட்டிக் கழித்தேன். போனால் கட்டி என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இரண்டு பிள்ளைகளைக் குழியில் வைத்தவன் நான். மூன்றாவதைப் பற்றிக் கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

1969-ல் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஜெய்த்தூன் முந்தின நாளிலிருந்து வலியில் கிடந்தாள். தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. நான் தொப்பியை எடுக்கக் குனிந்தபோது என் கைலியைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தா, பள்ளிவாசலுக்கா போறீங்க?"

"ஆமாம்மா."

"எனக்காக துஆ கேப்பீங்களா?"

"தினம் கேக்குறேனே."

"அது வேணாம் அத்தா. என்னை எடுத்துக்கச் சொல்லிக் கேளுங்க. என்னால முடியலை."

பதினோரு வயது அவளுக்கு. மைமூன் சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பள்ளிவாசல் வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியாது.

தொழுகை முடிந்து எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். கை ஏந்தினேன். வழக்கமாகக் கேட்பது வாயில் வரவில்லை. பிள்ளை கேட்கச் சொன்னதை எப்படிக் கேட்பேன்? கை அப்படியே நின்றது. கடைசியில் அழுகையோடு ஒன்றே ஒன்றுதான் வந்தது. 'யா அல்லாஹ், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் மூடன். இந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்யணும்னு எனக்குக் காட்டு.' அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக, நான் செய்யவேண்டியது என்ன என்று கேட்டேன்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை, ஒரு அம்மா பெட்டி வாங்க வந்தார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்ததால் சாமான் போட்டுக்கொண்டு போக ஒரு டிரங்குப் பெட்டி வேண்டும் என்றார். மூடி சரியாக உட்காரவில்லை என்று நான் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஜெய்த்தூன் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"என் பொண்ணுக்குத்தாம்மா. தலைவலி. அடிக்கடி வரும்."

"பாய், மொதல்ல அந்த அடிக்கிறதை நிறுத்துங்க" என்றார். கேட்காமலே படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நானும் பின்னால் போனேன். அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி அவளிடமே கேட்டார். "வலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது தெரியுமா கண்ணு?"

ஜெய்த்தூன் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "தெரியும். தகரத்து மேல வெயில் பட்டா கூசுமே, அந்த மாதிரி. வளைஞ்சு வளைஞ்சு மின்னும். பாதி எழுத்து தெரியாது. அது போனதும் வலி வந்துடும்."

மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவன் நான். இப்போதுதான் இதைக் கேட்கிறேன்.

"ஏம்மா இதை எங்ககிட்ட சொல்லவே இல்லை?" என்றேன்.

"நீங்க கேக்கலையே அத்தா" என்றாள்.

அந்த அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இதே வலியாம். அதனால்தான் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கிறது. "பயப்படாதீங்க, ஆனா டாக்டரைப் பாக்காம இருக்காதீங்க" என்று சொல்லி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தலை நோய்களைப் பார்க்கிற ஒரு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு போனவரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. ஊர் பேர் கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை பஸ்ஸில் கிளம்பினோம். கூட்டம். ஜெய்த்தூன் நிற்க முடியாமல் என் மேல் சாய்ந்தாள். கண்டக்டர் பார்த்துவிட்டு, "இன்னா பாய், கொயந்தைக்கு ஒடம்பு சரியில்லியா? முன்னாடி இட்னு வா, ஜன்னலாண்ட குந்த வை" என்று சொல்லி, உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் நான் மனசுக்குள் ஓதிக்கொண்டே வந்தேன். கட்டி என்று சொல்லிவிடக்கூடாது. அது ஒன்றுதான்.

டாக்டர் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். முட்டியில் தட்டினார். நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். இரண்டு தடவை போய் வந்த பிறகு எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"கட்டி கிட்டி ஒண்ணும் இல்லை. இது ஒற்றைத் தலைவலி. பொய்யும் இல்லை, பேயும் இல்லை. ஆனா அடியோட போயிடும்னு நான் சொல்லமாட்டேன். இதோட வாழக் கத்துக்கணும். அவளும் கத்துக்கணும், நீங்களும் கத்துக்கணும்."

மைமூன் அங்கேயே அழுதாள். எனக்குக் கட்டி இல்லை என்பதில் சந்தோஷம் வந்தது. போகாது என்றதில் அது அப்படியே வடிந்தும் போனது. நான் இத்தனை வருஷம் கேட்டதை அல்லாஹ் கொடுக்கவில்லை. கடைசியாக ஒரே தடவை கேட்டதைக் கொடுத்தான். இது விளங்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.

கண்ணில் அந்த மின்னல் தெரிந்ததுமே போட மாத்திரை கொடுத்தார். வலி வருகிற நாளெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தூங்கினாள், எங்கே போனாள் எல்லாம். ஜெய்த்தூனே எழுதினாள். மூன்று மாதம் கழித்து நானும் அவளும் உட்கார்ந்து படித்தோம். காலையில் சாப்பிடாமல் போன நாள். உச்சி வெயிலில் நடந்து வந்த நாள். அப்புறம் இன்னொன்று. பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தாள்: 'அத்தா பெயிண்ட் அடித்த நாள்.' 'அத்தா பெயிண்ட் அடித்த நாள்.'

பெட்டிக்கு நான் அடித்த பெயிண்டின் வாடையும் என் சுத்தியல் சத்தமும்தான் அந்த அறையை என் பிள்ளைக்கு நரகமாக்கியிருந்தன. அதைப் படித்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவள் பின்னாலேயே வந்து, "உங்களைக் குத்தம் சொல்லி எழுதலை அத்தா. டாக்டர் எழுதச் சொன்னாரு, எழுதினேன்" என்றாள்.

அந்த மாதமே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்னொரு தகரக்காரரின் கொட்டகையில் இடம் கேட்டு, பட்டறையை மாற்றினேன். வீட்டில் பெட்டிகள் இருந்த இடத்தில் அவளுக்கு ஒரு பக்கம் மறைத்துக் கறுப்புத் துணி கட்டினோம். பள்ளிக்கூடத்துக்குப் போய் டாக்டர் சீட்டைக் காட்டினேன். டீச்சர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதற்கப்புறம் வலி வந்தால் பின் பெஞ்சில் படுக்க மட்டும் விட்டார்கள்.

வாரத்துக்கு இரண்டு என்பது மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று குறைந்தது. அவ்வளவுதான் குறைந்தது. பெரியவளாகி நோன்பு வைக்க ஆசைப்பட்டாள். இரண்டாம் நோன்பிலேயே சுருண்டு விழுந்தாள். எல்லாப் பெண்களும் வைக்கிறார்களே என்று தேம்பினாள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். "நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை குடுத்திருக்கான். அவன் குடுத்ததை வேணாம்னு சொல்ல நாம யாரு?" என்றார். அதை வந்து சொன்னதும் கொஞ்சம் அடங்கினாள். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் இரண்டாம் நாள் வலி வந்து, பேனாவைப் பிடிக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டாள். ஃபெயில். மறுபடி எழுதித்தான் பாஸ் ஆனாள்.

கல்யாணம் பேசும்போது சொந்தக்காரர்கள் மறைக்கச் சொன்னார்கள். நான் மறைக்கவில்லை. இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவதாக ஆவடியிலிருந்து வந்தவர்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாத்திரை பேரை எழுதிக் குடுங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து அடித்த அந்த நாளைச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு அது ஞாபகமே இல்லை அத்தா" என்றாள். அவள் பார்த்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. என் மகள் என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.

சகோதர சகோதரிகளே, நோய் பறந்து போனது என்று சொல்ல எனக்கு ஆசைதான். போகவில்லையே. ஆனால் சாகவேண்டும் என்று கேட்ட பிள்ளைக்கு இன்றைக்கு இருபத்தொரு வயது. அவள் கையில் ஒரு பிள்ளை இருக்கிறது. நான் கேட்டதற்கு இது பதில் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை படுத்துக் கிடக்கலாம். அல்லாஹ்விடம் கேளுங்கள், அவன் கைவிடமாட்டான். கேட்டுவிட்டு எழுந்து போய் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள். எப்படி வலிக்கிறது என்று அதனிடமே கேளுங்கள். சொல்வதை நம்புங்கள். டாக்டரிடம் போகப் பயந்து நாளைக் கடத்தாதீர்கள். நான் கடத்திய மூன்று வருஷத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

இதை ஆவடியில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றைக்குக் காலையில் அவளுக்கு வலி. உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். பேரன் என் மடியில் தூங்குகிறான். அஸர் தொழுகை நேரத்துக்குள் எழுந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். எழுந்து வருவாள். அல்ஹம்துலில்லாஹ், ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்திருக்கிறாள்.